முதலில் சாட்சி, அப்புறம் மருந்து: அறையில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் சோதிப்பது எப்படி?

மேன்ஷன், பி.ஜி., மாணவர் விடுதி, நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. பலர் வந்து போகிற இந்த மாதிரி இடங்களில் ஒருவர் காலையில் கையைச் சொறிந்துகொண்டே எழுந்தால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கடைக்குப் போய் ஒரு ஸ்ப்ரே வாங்கி வந்து மெத்தை நனைய அடிப்பார்கள். கடித்தது மூட்டைப்பூச்சிதானா, கொசுவா என்று யாரும் பார்ப்பதில்லை. மூட்டைப்பூச்சியாகவே இருந்தாலும் எந்தக் கட்டிலில் இருக்கிறது என்று தெரியாது. ஸ்ப்ரே படாமல் தப்பியவை சுவர் விரிசலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நகர்ந்துவிடலாம். ஒரு கட்டிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அறை முழுக்க இழுத்துவிடும்.

நான் ஆண்கள் விடுதி ஒன்றின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சோதனைகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது. ஒரு கட்டிலை முழுதாகப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஆரம்பத்திலேயே ஒன்று. மூட்டைப்பூச்சி வருவது அழுக்கால் அல்ல. அதற்கு வேண்டியது தூங்குகிற மனிதரின் ரத்தமும் பக்கத்தில் ஓர் இடுக்கும்தான். பையிலோ, பழைய கட்டிலிலோ, ரயில் பயணத்திலோ ஒட்டிக்கொண்டு எந்தச் சுத்தமான வீட்டுக்குள்ளும் வரும். ‘நீதான் கொண்டு வந்தாய்’ என்று ஒருவரைக் கைகாட்டினால், அடுத்த முறை பார்க்கிறவர் வெட்கப்பட்டு வாயைத் திறக்கமாட்டார். அந்த மௌனத்தில்தான் பூச்சி பெருகுகிறது. ஆகவே யார் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடித்த தடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

வரிசையாக மூன்று தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சி என்று பலரும் சொல்வார்கள். அது ஒரு சந்தேகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்துப் போகும், இன்னொருவருக்கு ஒரு புள்ளிகூட வராது. சிலருக்குக் கடித்துப் பல நாள் கழித்துத்தான் அரிப்பே தொடங்கும். அதனால் நேற்றுப் படுத்த இடம்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது.

கொசுவைத் தவிர இன்னும் இரண்டு பேரைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் கடுமையாக அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்குத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மெத்தைக்கு மருந்தடித்துப் பயனில்லை. ஜன்னல் மேலோ ஏ.சி. பெட்டிக்குப் பின்னாலோ புறா கூடு கட்டியிருந்தால், அந்தக் கூட்டில் இருக்கும் நுண்ணிய உண்ணிகளும் அறைக்குள் வந்து கடிக்கும்.

நாம் தேடுவது நான்கு தடயங்கள்

முதலாவது உயிருள்ள பூச்சி. வளர்ந்தது 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், சிறகில்லை. பசியோடு இருக்கும்போது தட்டையாக இருக்கும், குடித்ததும் உப்பி நீண்டுவிடும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருப்பதால் வெள்ளை விரிப்பில் கண்ணில் படாது. ரத்தம் குடித்த பிறகுதான் வயிறு சிவந்து தெரியும்.

இரண்டாவது முட்டை. ஒரு மில்லிமீட்டர் நீளம், முத்து வெள்ளை, இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் உதிராது. மூன்றாவது உரித்த தோல். குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து முறை தோல் உரிக்கும், ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ரத்தம் குடித்தாக வேண்டும். அந்தத் தோல் பூச்சியின் வடிவத்திலேயே, உள்ளே ஒன்றுமில்லாமல், தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும். ரோமம் அடர்ந்த தோல் கிடைத்தால் அது கம்பள வண்டின் புழு விட்டது, மூட்டைப்பூச்சி அல்ல.

நான்காவதுதான் மிக முக்கியம்: கழிவுப் புள்ளி. பூச்சி ஒளிந்துகொள்ளும், தோல் பறந்துவிடும், புள்ளி மட்டும் அங்கேயே இருக்கும். கீழே சொல்லப்போகும் சோதனைகளில் பாதி இதை நம்பித்தான் இருக்கிறது.

எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல வெளிச்சம் தரும் டார்ச். செல்போன் விளக்கு பரவலாக விழும், இடுக்குக்குள் போகாது, அதனால் தனி டார்ச்சே நல்லது. காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்று. வெள்ளைப் பருத்தித் துணி அல்லது காது குடையும் பஞ்சுக்குச்சி, கொஞ்சம் தண்ணீர். செலோடேப், ஜிப்லாக் கவர், ஸ்க்ரூ டிரைவர். ஹேர் ட்ரையர் இருந்தால் வசதி. தரையில் விரிக்க ஒரு வெள்ளை விரிப்பு. இவ்வளவுதான்.

முதல் சோதனை: இடுக்குத் தேடல்

தேடுவதற்கு முன் எதையும் உதறாதீர்கள். படுக்கையை உதறுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் காரியம். அதில் தடயமும் பூச்சியும் அறை முழுக்கச் சிதறிவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை விரிப்பைப் போட்டுக்கொண்டு இந்த வரிசையில் போங்கள்.

1. தலைமாட்டுப் பக்கம் விரிப்பின் ஒரு மூலையை மெதுவாகத் தூக்குங்கள். மெத்தையின் விளிம்புத் தையலை விரலால் விரித்து டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் நிழல் விழாது, சின்னப் பூச்சி தெரியாது.

2. ஏ.டி.எம். கார்டின் ஓரத்தைத் தையல் மடிப்புக்குள் செருகி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இழுங்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் கார்டின் முன்னால் தள்ளப்பட்டு வெளியே வரும். கம்பெனிப் பெயர் தைத்த துணிச்சீட்டின் அடிப்பக்கத்தைத் தவறாமல் பாருங்கள்.

3. மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம். அப்புறம் கட்டில் பலகைகள் சட்டத்தில் உட்காரும் இடம், பிளைவுட்டின் வெட்டிய ஓரம், ஆணித் துளை, பலகை வெடிப்பு.

4. இரும்புக் கட்டில் என்றால் பூச்சி வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குழாய்களின் நுனியில் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். விடுதியில் ஒரு கட்டிலில், மெத்தை முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்காமல், தலைமாட்டுச் சட்டத்தின் நட்டைத் திருகினோம். போல்ட்டின் மரையைச் சுற்றி நாலு பூச்சி, பக்கத்தில் ஒரு வரிசை முட்டை, துளையின் வாயில் கரும்புள்ளிகள். மெத்தையில் ஒரு கறைகூட இல்லை. நட்டு போல்ட்டு கழற்றாமல் இரும்புக் கட்டிலைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்.

5. கட்டிலைச் சுற்றி இரண்டு மீட்டர் தூரம் வரை: சுவரில் மாட்டிய காலண்டரின் பின்பக்கம், சாமி படத்தின் பின்பக்கம், ஜன்னல் திரையின் மேல் மடிப்பு, பெயிண்ட் உரிந்த விரிசல், பிளாஸ்டிக் நாற்காலியின் அடி, சூட்கேஸின் ஜிப் ஓரமும் சக்கரமும். சுவிட்ச் போர்டைப் பார்க்க வேண்டுமானால் மெயினை அணைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கோரைப்பாயில் படுப்பவர்கள் பாயின் இரண்டு ஓரத்திலும் தைத்திருக்கும் துணிக்கரையைப் பாருங்கள். அந்த மடிப்பு பூச்சிக்கு அளவெடுத்துத் தைத்த வீடு. தலையணை உறையின் உள்தையலும் அப்படித்தான்.

பகலில் ஒன்றும் கிடைக்காவிட்டால், நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் ஒரு நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து விளக்கைப் போடாமல் டார்ச்சை மட்டும் அடித்துத் தலையணை ஓரத்தைப் பாருங்கள். ரத்தம் குடிக்க 5 முதல் 10 நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் வெளியே வந்தவை அகப்படும்.

கிடைத்ததை நசுக்காதீர்கள். செலோடேப்பை அதன் மேல் ஒட்டி எடுத்து, டேப்பை மடித்து, கவரில் போட்டு, எந்தக் கட்டில், எந்த இடம், என்ன தேதி என்று எழுதி வையுங்கள். ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படமும் எடுங்கள். மருந்தடிக்க வருகிறவரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இரண்டாம் சோதனை: ஈரத்துணி

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அரை நிமிடத்தில் பதில் சொல்லும்.

மூட்டைப்பூச்சியின் கழிவு என்பது செரித்த ரத்தம். திரவமாக விழுந்து காய்வதால், துணியில் மார்க்கர் பேனாவால் வைத்த புள்ளி போல ஊறிப் பரவியிருக்கும். மரத்திலும் சுவரிலும் சின்ன மேடாக நிற்கும். கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளைத் துணியின் ஓரத்தையோ பஞ்சுக்குச்சியையோ தண்ணீரில் நனைத்து, பிழிந்து, புள்ளியின் மேல் பத்து விநாடி அழுத்துங்கள். பிறகு ஒரே திசையில் தேயுங்கள். துணியில் செம்பழுப்பாக இழுபட்டு வந்தால் அது ரத்தக் கழிவு. கரையாமல் துகளாக உருண்டு வந்தாலோ சாம்பல் நிறம் மட்டும் ஒட்டினாலோ பூஞ்சை, தூசி, பெயிண்ட் என்று வேறு எதையாவது நினைக்கலாம். கரப்பான் கழிவு மிளகுத் தூள் மாதிரி உதிரியாக இருக்கும், சிவப்புச் சாயம் விடாது.

அடித்த கொசுவின் ரத்தமும் ஈரத்தில் சிவந்துதான் வரும், அதை எப்படிப் பிரிப்பது? இடத்தைப் பாருங்கள். கொசுக் கறை விரிப்பின் நடுவிலும் வெறும் சுவரிலும் ஒற்றையாக இருக்கும், பெரும்பாலும் இறகோ காலோ ஒட்டியிருக்கும். மூட்டைப்பூச்சிப் புள்ளிகள் தையலோரம், துளையோரம், விரிசலோரம் என்று கூட்டமாக இருக்கும். பூச்சி ஒளிகிற இடத்துக்குத்தான் கழிவு வழிகாட்டுகிறது.

புள்ளி பழையதா புதியதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. போன வருடம் மருந்தடித்துத் தீர்த்த பூச்சியின் கறை இன்றும் சிவந்து வரலாம். அதனால் சோதித்த புள்ளிகளை எல்லாம் நன்றாகத் துடைத்துவிடுங்கள், அல்லது பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து வட்டத்துக்கு வெளியே புதுப் புள்ளி வந்திருந்தால் உயிருள்ள பூச்சி அங்கே இருக்கிறது.

மூன்றாம் சோதனை: சூடான காற்று

பிரிக்க முடியாத இடுக்குகளுக்கு இது. ஹேர் ட்ரையரைச் சூடு அதிகம், காற்று குறைவு என்ற நிலையில் வைத்து, விரிசலின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். காற்றை அதிகமாக வைத்தால் குஞ்சுகள் பறந்து போய்விடும். வெப்பம் தாங்காமல் பூச்சி ஊர்ந்து வெளியே வரும்போது டேப்பால் பிடிக்கலாம். முட்டை வராது என்பதை மறக்காதீர்கள். நுரை மெத்தை, பிளாஸ்டிக் சாமான் ஆகியவற்றின் மேல் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டாம்.

ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் கடி நிற்கவில்லை: கிண்ணப் பொறி

பூச்சி பத்து இருபதுதான் இருந்தால் எவ்வளவு தேடினாலும் தப்பிவிடும். அப்போது அதுவே நம்மைத் தேடி வருகிற வழியில் பொறி வைக்க வேண்டும்.

கட்டில் கால் ஒன்றுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணமும் ஒரு பெரிய கிண்ணமும் தேவை. சின்னதைப் பெரியதன் நடுவில் ஒட்டுங்கள். பெரிய கிண்ணத்தின் வெளிச்சுவரைச் சுற்றியும், சின்னக் கிண்ணத்துக்குள் நிற்கும் கட்டில் காலிலும் துணி டேப்பைச் சுற்றி, பூச்சி பிடித்து ஏறவும் இறங்கவும் தோதாகச் சொரசொரப்பாக்குங்கள். இரண்டு கிண்ணத்தின் உட்சுவர்களும் சின்னதன் வெளிச்சுவரும் பெரியதன் தரையும் வழுவழுப்பாக இருக்க வேண்டும். அவற்றில் முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, விரிப்போ கொசுவலையோ தரையைத் தொடாமல் செருகிவிடுங்கள். இப்போது கட்டிலுக்கு ஏறவும் இறங்கவும் கால் ஒன்றுதான் வழி.

பவுடர் பூசுவதை நம் ஊரில் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். குளிர் நாடுகளில் பரவலாக இருப்பது சைமெக்ஸ் லெக்டுலாரியஸ் என்ற இனம். தென்னிந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பப் பகுதிகளில் அதிகம் இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் நம் ஊர் இனத்தின் காலில் ஒட்டும் மயிர்கள் கூடுதல். வழுவழுப்பான சுவரிலும் ஏறிவிடும் என்பதை மலேசிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2017-இல் காட்டியது. மேலை நாட்டுக்காகச் செய்த பொறியை வாங்கி அப்படியே வைத்துவிட்டு, காலியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஈரக் காற்றில் பவுடர் கட்டிப்போகும், வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். விழுந்தது மறுபடி ஏறிப் போவதற்குள் பார்க்க வேண்டும் என்பதால் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எறும்புக்கு வைக்கிற மாதிரி கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். இரண்டு வாரம் தேங்கிய தண்ணீர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில்.

விழுந்த இடமும் ஒரு செய்திதான். பெரிய கிண்ணத்தின் வெளிவட்டத்தில் கிடப்பது அறையிலிருந்து கட்டிலுக்கு ஏறப் பார்த்தது. சின்னக் கிண்ணத்துக்குள் கிடப்பது கட்டிலிலிருந்து இறங்கியது. வெளிவட்டத்திலேயே விழுந்துகொண்டிருந்தால் கட்டிலை விட்டுவிட்டுச் சுவரையும் பக்கத்துக் கட்டிலையும் பாருங்கள். ஒரு முக்கியமான விஷயம்: பொறி வைத்த பிறகு அந்தக் கட்டிலில் ஆள் படுக்க வேண்டும். நம் மூச்சும் உடல் சூடும்தான் பூச்சியை இழுக்கும். கட்டிலைக் காலியாக விட்டால் பொறியும் காலியாகத்தான் இருக்கும்.

தரையில் படுப்பவர்களுக்குக் கிண்ணம் பயன்படாது. அட்டைப்பெட்டியின் நெளிவான அட்டையை உள்ளங்கை அளவு துண்டுகளாக வெட்டி, பாயின் நான்கு மூலைக்கு அடியிலும் தலைமாட்டுச் சுவரோரமும் வையுங்கள். நெளிவுக்குள் இருக்கும் துளைகளில் பூச்சி குடியேறும். மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து, வெள்ளை விரிப்பின் மேல் பிரித்துப் பார்த்து, அப்படியே கவரில் கட்டி எரித்துவிட்டுப் புதுத் துண்டு வைக்கலாம்.

விலை கொடுத்து வாங்கும் டெஸ்ட் கிட்

கோவிட் காலத்தில் மூக்கில் விட்டு எடுத்த குச்சியும் இரண்டு கோடு வருகிற பட்டையும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே முறையில் மூட்டைப்பூச்சிக்கும் பட்டை செய்ய முடியும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் உருவாக்கிய அத்தகைய சோதனை பற்றி 2020-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஈரப் பஞ்சுக்குச்சியால் தையலையும் இடுக்கையும் துடைத்து, கரைசலில் கலக்கி, பட்டையில் சொட்டுவிட வேண்டும். மூட்டைப்பூச்சிக்கே உரிய புரதம் இருந்தால் இரண்டாவது கோடு வரும்.

ஆன்லைனில் இப்படி ஏதாவது வாங்குகிறவர்கள் மூன்றைக் கேளுங்கள். அது மூட்டைப்பூச்சிப் புரதத்தைப் பார்க்கிறதா, வெறும் ரத்தத்தைப் பார்க்கிறதா? ரத்தம் பார்க்கிற கிட் கொசுக் கறைக்கும் நிறம் மாறும், ஈரத்துணி செய்கிற வேலைக்குமேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நம் ஊர் இனத்தில் சோதித்திருக்கிறார்களா? கோடு வந்தால் பூச்சி இன்று உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. புரதம் செத்த பூச்சியிலிருந்தும் கிடைக்கும். துடைத்த இடத்தைப் பொறுத்துத்தான் விடையே வரும், ஆகவே மேலே சொன்ன தேடல் வரிசை கிட் வாங்கினாலும் தேவைப்படும்.

வெளிநாடுகளில் மோப்ப நாய்களையும் பயன்படுத்துகிறார்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வில் பயிற்சி பெற்ற நாய்கள் 97 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னதாக வந்தது. 2014-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினர் உண்மையான குடியிருப்புகளில் சோதித்தபோது சராசரி 44 சதவீதம்தான். பூச்சி இல்லாத வீடுகளில் இருப்பதாகச் சொன்னது 15 சதவீதம். சோதனைக்கூடத்து எண்ணை வைத்து எந்த முறையையும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சாட்சி கிடைத்துவிட்டது. இப்போது?

அன்று இரவு வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். பையோடு பூச்சியும் வரும். அதே கட்டிலைச் சுத்தம் செய்து, பொறி வைத்துப் படுப்பதே நல்லது. விரிப்பு, உறை, துணிகளை அறையிலேயே கவரில் கட்டி எடுத்துப் போய்க் கொதிநீரிலோ 60 டிகிரி செல்சியஸ் வைக்கும் வாஷிங் மெஷினிலோ போடுங்கள். கட்டில் இடுக்குகளில் நீராவி அடிக்கலாம். மெத்தையை வெறுமனே வெயிலில் போட்டால் பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும்.

வெடித்துப் புகை விடும் டப்பாக்களை வாங்க வேண்டாம். புகை இடுக்குக்குள் போவதில்லை. சாதாரண ஸ்ப்ரேயில் இருக்கும் பைரெத்ராய்டு மருந்துகளுக்குப் பூச்சி நன்றாகப் பழகிவிட்டது. பழைய பூச்சிக்கொல்லியான டி.டி.டி.க்கே 1947-இல் ஹவாயில் எதிர்ப்பு காட்டிய உயிர் இது. தானியத்துக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், படுக்கிற அறையில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு தூங்குகிறவரைக் கொல்லும், பக்கத்து அறையில் இருப்பவரையும் கொல்லும். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை நிரூபணம் இல்லை. தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு பூச்சிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

டேப்பில் ஒட்டிய பூச்சி, புகைப்படம், கட்டில் வாரியான குறிப்பு ஆகியவற்றோடு வார்டனிடமோ வீட்டுக்காரரிடமோ பேசுங்கள். ‘எங்கேயோ கடிக்குது சார்’ என்பதற்கும், ‘மூன்றாம் கட்டில், தலைமாட்டுப் போல்ட்டு, நாலு பூச்சி, முட்டை இருக்கிறது’ என்பதற்கும் கிடைக்கிற பதில் வேறு. மருந்தடிக்க உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டால், பக்கத்து அறைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டை பொரிய 6 முதல் 10 நாள் ஆகும். மருந்துக்குத் தப்பிய முட்டை அதற்குப் பிறகுதான் தெரியவரும். அதனால் முதல் சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் தேடலையும் ஈரத்துணியையும் மறுபடி செய்யுங்கள். கிண்ணங்களை 8 வாரம் எடுக்காதீர்கள். அந்த 8 வாரமும் பூச்சி விழாமல், பென்சில் வட்டத்துக்கு வெளியே புள்ளி வராமல் இருந்தால் அந்தக் கட்டிலைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். புதிதாக ஆள் வந்து சேரும் கட்டிலுக்கு மட்டும் கிண்ணங்களை எப்போதும் விட்டு வையுங்கள்.